உறை கொடுத்த வீடுகள்

இன்று காலை தவிடு அவியும் வாசம் வந்தபோது முதலில் உன்மேல் கோபம்தான் வந்தது. செத்தவர்களோடு கோபிக்கக் கூடாது என்பார்கள். உன்னைத் தெரியாதவர்கள் சொல்வது அது. கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று நேற்றே தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன். நீ எப்போதும் இப்படித்தான், வம்பை விலைக்கு வாங்கி என் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுவாய்.

உயிரியல் தொழினுட்பத்துக்கு நாடு தழுவிய திட்டம் ஒன்று புதிதாக எழுதுகிறார்களாம். நுண்ணுயிர்களைக் கொண்டு தொழிற்சாலைகளுக்கு வேண்டியதை உள்நாட்டிலேயே செய்ய வேண்டுமாம், வெளிநாட்டுக் கப்பலைப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாதாம். கேட்கச் சிரிப்பு வந்தது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த கையோடு, காத்தான்குடிக் கடற்கரைப் பக்கம் சாயப்பட்டறை ஒன்றின் பின்னால் கொட்டில் போட்டு, நீயும் நானும் செய்தது அதைத்தானே.

நெய்கிறவர்கள் நூல் அறாமலிருக்கப் பாவுக்குக் கஞ்சி போடுவார்கள். நெய்து முடிந்தபின் அந்தக் கஞ்சி போகாவிட்டால் துணியில் சாயம் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். கஞ்சியைக் கரைக்கும் நொதியத் தூள் வெளிநாட்டிலிருந்து கொழும்புக்கு வந்து, பிறகு எங்களுக்கு வர வேண்டும். சண்டையில் பாதையைப் பூட்டினால் தூள் இல்லை, தூள் இல்லாவிட்டால் பட்டறையில் வேலை இல்லை. உங்கள் ஏறாவூர் அரிசி ஆலைத் தவிட்டில் தானாகப் பிடித்த ஒரு பச்சைப் பூஞ்சணம் அதே நொதியத்தைச் சுரக்கிறது என்று கண்டவள் நீ. அவித்த தவிட்டைத் தட்டில் பரப்பி, பூஞ்சண வித்தைத் தூவி, வளர்ந்ததும் காயவைத்து இடித்தால் தூள். அடுத்த தட்டுக்குத் தூவ வித்து எப்போதும் கையில் இருக்க வேண்டும். அது அழிந்தால் தொழிலும் அழிந்தது.

தயிர் உறையை அயலில் ஒரு வீட்டுக்குக் கொடுத்து வைப்பது உங்கள் ஊரிலும் எங்கள் ஊரிலும் பெண்கள் செய்வதுதான். நம் வீட்டு உறை கெட்டால் அங்கே போய்க் கேட்கலாம். நீ பூஞ்சண வித்துக்கும் அதையே செய்தாய். சோற்றில் வளர்த்து உலர்த்தி, ஒரு போத்தலைக் களுவாஞ்சிக்குடியில் எங்கள் வீட்டிலும், ஒன்றைப் பனிச்சங்கேணியில் நம்மோடு படித்தவள் வீட்டிலும் வைத்தாய். விஞ்ஞானி அடுப்படியில் வைக்கிறாளே என்று நான் நையாண்டி செய்தேன்.

"விஞ்ஞானி எண்டு ஆருகா சொன்ன? தயிர்க்காரி எண்டு சொல்லு" என்றாய்.

பிறகு கடல் வந்தது. கொட்டில் இருந்த இடத்தில் மணல்தான் கிடந்தது. பட்டறையில் வேலை செய்தவர்களில் சிலர் இல்லாமல் போனார்கள். அவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த மடல் முடியாது. மிஞ்சியவர்களுக்கு வேலை வேண்டியிருந்தது. நாம் வித்தைத் தேடிப் புறப்பட்டோம்.

முதலில் எங்கள் வீடு. அம்மா குசினித் தட்டில் தேடிப் பார்த்துவிட்டு, "ஓம், அந்தப் போத்தலோ? சோறு பூஞ்சணம் பிடிச்சிக் கிடந்திச்சி புள்ள. கோழிக்குப் போட்டுட்டன். போத்தலக் கழுவிச் சீனி போட்டு வச்சிருக்கன்" என்றார். நான் அந்தச் சீனிப் போத்தலைத் திறந்து பார்த்தேன். நீ மட்டும், "கோழி நல்லா இருக்கா மாமி?" என்று கேட்டாய். வெளியே வந்ததும் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதாய்.

இனிப் பனிச்சங்கேணிதான். பாலம் உடைந்து கிடந்தது, தோணியில் போனோம். நம்மோடு படித்தவள் வீட்டு முற்றம் வரை தண்ணீர் ஏறி வடிந்திருந்தது. போத்தல் அடுப்புக்கு மேலே புகைபட்ட தட்டில் பத்திரமாக இருப்பது வாசலில் நிற்கும்போதே தெரிந்தது. ஆனால் உள்ளே சாமி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"விளக்கு வச்சிட்டன் புள்ள. இனி உறை குடுக்கக் கூடா. விடியட்டும், மறுகா எடுங்க" என்றாள்.

பட்டம் பெற்றவள்தான். ஆனாலும் அவளுக்கு மிஞ்சியிருந்தது அந்த வீடு ஒன்றுதான், அதற்கு ஒரு குறை வர அவள் விடமாட்டாள். எனக்கோ அவசரம். இராணுவச் சோதனைச் சாவடியை மூடிவிட்டால் இரவு இந்தப் பக்கம் மாட்டிக்கொள்வோம். உன்னைத் தேடி உங்கள் வீட்டில் என்ன பாடுபடுவார்கள் என்று நினைத்தேன். நீ நிதானமாகச் சொன்னாய்: "நீ குடுக்காத. நிலத்தில வை. நான் எடுக்கிறன்."

அவள் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நான் குடுக்கல்ல, என்ன? நீதான் எடுத்த."

"ஓம், நான்தான் எடுத்த."

நீ பாதியை உன் போத்தலில் கொட்டிக்கொண்டு மீதியை அங்கேயே விட்டாய். அந்த அவசரத்திலும் அதை மறக்கவில்லை.

சாவடியில் இராணுவத்தான் போத்தலைத் திறந்து மணந்து பார்த்தான். கரும்பச்சைத் தூள். என்னவென்று கேட்டான். நமக்குத் தெரிந்த சிங்களத்தில் பூஞ்சணத்துக்குச் சொல் இல்லை. அவன் இன்னொருவனைக் கூப்பிட்டான். நீ ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டு, மென்று, விழுங்கிவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தாய். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு போகச் சொன்னான். வழி முழுக்க இருமினாய்.

ஏறாவூரில் ஆலைக்குப் பின்னால் மறுபடி தொடங்கினோம். திரும்பவும் சண்டை மூண்டது. பனிச்சங்கேணிக்காரி இடம்பெயர்ந்து போனபோது போத்தலையும் கொண்டுபோனாள். அந்தக் காலத்தில் நீ இன்னும் பல வீடுகளுக்குக் கொடுத்தாய். எவை என்று எனக்குக்கூடச் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு கொழும்பிலிருந்து ஒரு குழு பட்டணத்துக்கு வந்து நம்மையும் ஆலை முதலாளியையும் கூப்பிட்டது. அப்போதும் ஒரு நாட்டுத் திட்டம் இருந்தது. பெரிய நொதிப்புத் தாங்கி, மின்பிறப்பாக்கி, நாம் செய்யும் தூளை அரச ஆடை ஆலைகள் வாங்க ஏற்பாடு, எல்லாம் தருவதாகச் சொன்னார்கள். தட்டும் கையுமாகக் கிடந்த எனக்கு வாய் ஊறியது. அவர்களுடைய நிபந்தனை, வித்து முழுவதும் கொழும்புச் சேமிப்பகத்துக்குப் போக வேண்டும், வெளியே ஒருவரிடமும் இருக்கக் கூடாது என்பது.

"ஒரு பாதிய எடுங்க. முழுசும் ஏலா" என்றாய்.

"அப்ப வேற இடத்திலயும் இருக்கோ?" தலைவராக வந்தவர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டுதான் கேட்டார். "எந்தெந்த வீடு, ஆர் பேர்ல? சொன்னா ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம்."

ஆலை முதலாளி நிலத்தைப் பார்த்தார். தேநீர் கொண்டுவந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கேட்டவருக்கு ஏன் என்று விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கியது. மேசைக்குக் கீழே நான் உன் காலை மிதித்தேன். அந்தத் தாங்கி எனக்கு வேண்டும், இனி யார் என்ன செய்யப் போகிறார்கள், சொல்லித் தொலையேன் என்றிருந்தது.

நீ பாதி வித்தோடு போத்தலை மேசையில் வைத்தாய். "நான் பேர் குடுக்கல்ல சேர். இது கிடக்கு, எடுங்க."

அவர் எடுத்தார். தாங்கி வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நான் உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தேன். நீதான் யன்னலைப் பார்த்தபடி சொன்னாய்: "சின்னதில எங்கட தெருவில பேர் கேட்டு வந்தாங்க. வாப்பா நல்லதுக்குத்தான் எண்டு நினைச்சிப் பேர் குடுத்த. மறுகா அந்த வீடுகளில ஆம்பிளையள் இல்ல." யார் வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்திலும் அப்படி வந்திருக்கிறார்கள். ஆனாலும் கோபம் தீரவில்லை. பல மாதம் உன்னோடு வேலைப் பேச்சு மட்டும்தான் பேசினேன். தாங்கியில்லாமல் தட்டோடு மாரடித்தோம், பட்டறைகள் வாங்கின, பிழைத்தோம்.

ஆசுபத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்த அன்று, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு என் காதைப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னாய். வீடு வீடாகச் சொன்னாய். காத்தான்குடி, வாழைச்சேனை, களுவாஞ்சிக்குடியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவு. அந்த அடுத்த வளவுக்காரி இத்தனை வருடமும் அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. "எழுதாத கா. மனசில வை" என்றாய்.

இன்று வந்தவர்களுக்குத் தலைமை ஒரு இளம் பெண். மரியாதையாகப் பேசினாள். கொழும்பில் இருந்த வித்து எப்போதோ செத்துப்போனதாம், புதிய திட்டத்துக்கு அது வேண்டுமாம். இம்முறை தாங்கி நிச்சயம் என்றாள். பிறகு, "அக்கா, பாதுகாப்புக்கு வேற ஆர்ட்ட வச்சிருக்கிறீங்க?" என்று கேட்டாள். அதுவும் நியாயமான கேள்வி. அவள் பிறந்தபோது இங்கே என்ன நடந்ததென்று அவளுக்குத் தெரிந்திருக்கவும் நியாயமில்லை. ஒருவருக்கும் ஒன்றும் வராது என்று எனக்கும் தெரியும். பெயர்கள் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றன.

"இதுவும் செத்துப்போனாத் திரும்ப வந்து கேளுங்க, கிடைக்கும். விளக்கு வைக்க முந்தி வாங்க" என்றேன். பாதியைப் போத்தலில் போட்டு மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். அவள் சிரித்துக்கொண்டே எடுத்தாள்.

அவர்கள் போய்விட்டார்கள். தவிட்டு வாசம் இன்னும் கொட்டிலில் நிற்கிறது. அந்த வீடுகளை நான் சுமந்துகொண்டு திரிகிறேன், எனக்கும் வயது போகிறது. நான் கண்ணை மூடுமுன் யாருடைய காதில் சொல்ல வேண்டும் என்று நீ சொல்லாமலே போய்விட்டாய். கோபம் அதற்குத்தான்.