பதிவு கவுன்டர் ஏன் திணறியது

12.11.2003, புதன்

விடியற்காலையிலிருந்து மழை. ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறும்போதே செருப்பு அறுந்தது. ஊக்கு போட்டுச் செங்கல்பட்டு வரை சமாளிப்பு.

ஆஸ்பத்திரிப் பதிவு கவுன்டர் இன்றும் திணறல். பேரை அடித்தால் நோயாளியின் விவரம் வர ஒரு யுகம். வரிசை வாசல் வரை. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கவுன்டர் தேவகி என்னிடம் கத்தல்: "இன்னாக்கா, கம்ப்யூட்டரு தூங்கிகினு கீது, ஜனம் என்னியத் திட்டுது!"

கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நான் ஒருத்திதான்.

மேலாளர் பாஸ்கர் சாருக்கு மட்டும் பதற்றமே இல்லை. "சர்வர் பழசும்மா. புதுசு வாங்கியே ஆகணும்." விற்கப்போவது அவர் மச்சினன். எனக்கு இது பிடிக்கவில்லை.

13.11, வியாழன்

மழை விட்டது. வைரஸ் இல்லை. டிஸ்க் நிரம்பவில்லை.

ஒரு தேடலை எந்த வழியில் செய்கிறாய் என்று டேட்டாபேஸையே கேட்டுப் பார்த்தேன். நோயாளிகள் சில நூறு பேர்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது! ஆஸ்பத்திரியின் பழைய கிளைப் பதிவுகளையும் இதில் ஏற்றிய பிறகு லட்சத்துக்கு மேல். சின்னப் பட்டியல்தானே என்று, பேர் எங்கே இருக்கிறது என்று காட்டும் இன்டெக்ஸைத் தொடாமல், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கடைசி வரை படிக்கிறது. அதன் தப்பில்லை. அதனிடம் இருக்கும் புள்ளிவிவரம் பழசு.

அதைப் புதுப்பிக்க, தினமும் விடியற்காலையில் தானாக ஓடும் வேலை ஒன்று வைத்திருந்தேன். யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். நான் இல்லை. பாஸ்வேர்டு தெரிந்த இன்னொருவர் பாஸ்கர் சார்.

14.11, வெள்ளி

கவுன்டர் திறக்கும் முன்பே புள்ளிவிவரத்தைப் புதுப்பித்தேன். தேவகி பேரை அடித்தாள். அடித்த கையோடு விவரம். "யக்கா! இன்னா மந்திரம் போட்ட?" வரிசை கரைந்தது.

பாஸ்கர் சார் முகத்தில் ஈயாடவில்லை. "யாரைக் கேட்டுக் கை வச்சீங்க?"

சாப்பிடும்போது தேவகி, காதோடு: "ஃபோன்ல பேசிகினு இருந்தாரு. 'கொஞ்சம் பொறு மச்சான், கம்ப்யூட்டர் திரும்பவும் இழுக்கும்'னாரு." சாயங்காலம் அந்த விடியற்காலை வேலையை மறுபடி ஓட விட்டுத்தான் கிளம்பினேன்.

15.11, சனி

மறுபடி நிறுத்தம்!

கேட்காமல் விடக்கூடாது. ஆஸ்பத்திரியை நடத்தும் பெரிய டாக்டர் அறையில், அவர் முன்னாலேயே பாஸ்கர் சாரைக் கேட்டேன். பாஸ்கர் சார் சிரிப்பு: "அது ஓடுனா கூட்ட நேரத்துல ஸ்லோ ஆவுதும்மா. நல்லதுக்குதான்."

"விடியக்காலையில ஏது சார் கூட்டம்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி அவரையே பார்த்தார். "சர்வர் அப்புறம் பாக்கலாம். இந்தம்மா சொல்றபடி ஓடட்டும்."

உடனே பாஸ்வேர்டை மாற்றினேன். மதியம் பாஸ்கர் சார் வந்தார், குரலில் தேன். "புது பாஸ்வேர்டு என்னம்மா?"

"பெரிய டாக்டர் கேட்டா சொல்றேன் சார்."

துணிந்து அப்படிச் சொல்லிவிட்டேன். அப்புறம் பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு அழுகை.