ஷ்ரேயாவின் மீன்கள்

மோதி பாக்
20.8.2024

அன்புள்ள தம்பி ஷங்கருக்கு,

போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். உன் மனைவி அபிராமியும் எடுப்பதில்லை. தபால்காரரை பிளாக் செய்ய முடியாதே, அதனால் கடிதம்.

உங்கள் குடியிருப்பு சொசைட்டியின் குளத்துத் தண்ணீரை ஆய்வகத்தில் பார்த்தேன். ஏரி, குளம் பார்ப்பதுதானே என் பிழைப்பு. ஏப்ரலில் நீர்ப்பூச்சிகள் மொய்த்தன. மணல் பருமன்கூட இல்லாத அவைதான் பாசியைத் தின்று தண்ணீரைத் தெளிவாக வைத்திருந்தன. இப்போது ஒன்றுகூட இல்லை. நீ விட்ட மீன்கள் தின்று தீர்த்துவிட்டன. நீங்கள் மீன்களுக்குப் போடும் ஆட்டா மாவு உருண்டையில் மிஞ்சுவது ஊறிப் பாசிக்கு உரமாகிறது. இந்த வெயிலும் சேர்ந்தால் விஷப்பாசி வரும். உருண்டை போடுவதை நிறுத்து. மீன்களைப் பிடித்து வெளியேற்று.

என் தங்கக்கட்டி ஷ்ரேயாவுக்கு முத்தம்.

உன் அக்கா,
வத்சலா

துவாரகா
26.8.2024

அக்காவுக்கு,

மே மாதம் ஷ்ரேயா காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தபோது, பண்டிட்ஜி சொல்லித்தான் அந்த மீன்களை விட்டேன். மறுநாள் காலை "அப்பா, இட்லி வேணும்" என்றாள். உனக்கு அது மருந்தின் வேலை. எனக்கு அந்த மீன்கள்தான் என் மகளின் உயிர். அவற்றை வெளியேற்றச் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது? பூச்சிக்கு வக்காலத்து வாங்குகிறாயே!

குளம் பச்சைப்பசேலென்று இருக்கிறது. எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். தினமும் காலையில் ஷ்ரேயா படியில் உட்கார்ந்து, காலை நனைத்துக்கொண்டு, தன் கையால் உருண்டை போடுகிறாள்.

ஷங்கர்

மோதி பாக்
31.8.2024

ஷங்கர்,

அந்தப் பச்சைக்குத்தான் பயப்படுகிறேன். நேற்று வந்தேன். "ஸாப் நே மனா கியா, மேடம்" என்று காவலாளி கேட்டைத் திறக்கவில்லை. ஐயா விடக்கூடாது என்றிருக்கிறாராம். அந்த ஸாப் நீதானே?

குளத்தோர வேலிக்கு வெளியே நின்று கையை நுழைத்து ஒரு பாட்டில் தண்ணீர் அள்ளினேன். ஆய்வகத்தில் பார்த்துவிட்டேன், விஷம் இருக்கிறது. அந்தத் தண்ணீரைக் குடித்த தெருநாய் செத்துப்போனதாகக் காவலாளியே சொன்னார். ஷ்ரேயா விரல் சப்புகிற குழந்தை. அவளைக் குளத்துப் பக்கம் விடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா

துவாரகா
5.9.2024

அக்கா,

உன் வாயில் என்ன இருக்கிறதோ, சொன்னது பலித்துவிட்டது! மீன்கள் எல்லாம் செத்து மிதக்கின்றன. நேற்றிலிருந்து ஷ்ரேயாவுக்கு வாந்தி. அபிராமி அழுதபடியே இருக்கிறாள்.

பண்டிட்ஜியிடம் ஓடினேன். குழந்தைக்கு வந்ததை மீன்கள் வாங்கிக்கொண்டனவாம். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதாம். இரண்டு மடங்கு மீன் கொண்டுவரச் சொல்லிவிட்டேன். ஞாயிறு காலை ஷ்ரேயாவை இடுப்பளவு தண்ணீரில் இறக்கி, அவள் கையாலேயே விடப்போகிறோம். கோபப்படாமல் நீயும் வேண்டிக்கொள்.

ஷங்கர்

துவாரகா, உன் வீட்டு வாசல்
9.9.2024, திங்கள்

ஷங்கர்,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. படித்ததும் ஓடி வந்தேன். காவலாளி என் முகத்தைப் பார்க்காமல் கேட்டைத் திறந்துவிட்டார். வீடு பூட்டியிருக்கிறது. வாசலில் ஷ்ரேயாவின் செருப்பு, பாசி அப்பிக் காய்ந்து கிடக்கிறது.

இதைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறேன். டாக்டரிடம் குளத்துத் தண்ணீர் என்று சொல். எந்த ஆஸ்பத்திரி? அதை மட்டும் சொல். பிளாக்கை எடுடா.

அக்கா