நான்காவது தேநீர் அறை

ஜெய்ப்பூர்
6 பிப்ரவரி 2025

அன்புள்ள மேகலாவுக்கு,

வாட்ஸப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுக்கு அடியில் சீட்டுத் தள்ளிவிட்ட மாதிரியே கடிதம். என் தமிழைப் பார்த்துச் சிரிக்காதே.

டெல்லியில் திறக்கப்போகும் நம் டீ ரூமில் மூன்று அறைகளை வடிவமைத்து முடித்துவிட்டேன். ஜப்பான் அறைக்கு வாசலே இடுப்பு உயரம்தான்; எவ்வளவு பெரிய ஆளும் குனிந்துதான் நுழையணும். மொராக்கோ அறையில் புதினா டீயை உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். துருக்கி அறைக்கு நடு ஒடுங்கிய கண்ணாடி கிளாஸ். நாலாவது, நம்ம தமிழ்நாட்டு டீக்கடை. ஒரு பழைய போட்டோவில் பார்த்தேன், கடை வாசலில் கம்பியில் கொட்டாங்குச்சிகள் வரிசையாகத் தொங்குகின்றன. என்ன அழகு! அதே மாதிரி செய்து, பாலிஷ் போட்டு, இந்தப் பெட்டியில் அனுப்பியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊழியர்களின் வீட்டாருக்கு ஒத்திகை விருந்து. நீதானே ஃப்ளோர் மேனேஜர், உன் அப்பாவைக் கட்டாயம் கூட்டி வா. எனக்கு இங்கே வேலை முடியவில்லை. எப்படி இருந்தது என்று எழுது.

உன் ப்ரீதா

டெல்லி
10 பிப்ரவரி 2025

அன்புள்ள ப்ரீதா,

பெட்டியைத் திறந்ததும், இதைத் தொங்கவிட வேண்டாம் என்று சொல்ல உனக்குப் போன் செய்தேன். நீ எடுக்கவில்லை.

அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். ஜப்பான் வாசலைப் பார்த்து, "ஏம்மா, முழுக் கதவுக்கு மரம் பத்தலயா?" என்றார். சிரித்தோம். முதலாளி சொன்னபடி நாலாவது அறையில் உட்கார வைத்தேன். பரிமாறுகிற ஷ்ரவண் கொட்டாங்குச்சியில் டீயை நீட்டினான். அப்பா எழுந்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வெளியே போய், கேட் ஓரமாகக் குந்தி உட்கார்ந்து குடித்தார். "அங்கிள்ஜி, அந்தர் பைட்டியே" என்று வாட்ச்மேன் உள்ளே வந்து உட்காரக் கூப்பிட்டும் வரவில்லை. குடித்துவிட்டு, அதைக் கழுவி வைக்கக் குழாயைத் தேடினார்.

"ஏம்ப்பா?" என்றேன். "கையில வாங்குனதும் காலு தானா வெளிய வந்துடுச்சு" என்றார்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் அவர் சிறுவனாக இருந்தபோது, டீக்கடையில் ஊர்க்காரர்களுக்குக் கிளாஸ், பெஞ்சு. சேரியிலிருந்து போகும் எங்களவர்களுக்குக் கொட்டாங்குச்சி, தரை. கம்பியில் தொங்கவிட்டது அழகுக்கு இல்லை. எங்கள் வாய் பட்டதைக் கடைக்காரர் தொடாமல் இருக்க. உன் போட்டோவில் இருப்பது அதுதான். ஜப்பான் வாசலில் குனிந்தாவது உள்ளே போகலாம்.

எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல். நான் சொன்னால் முதலாளி கேட்க மாட்டார். நீ சொன்னால் கேட்பார்.

உன் மேகலா

ஜெய்ப்பூர்
14 பிப்ரவரி 2025

என் மேகலா,

படித்துவிட்டு அழுதேன். சத்தியமாகத் தெரியாது. எங்கள் வீட்டில் இதையெல்லாம் யாரும் பேசியதே இல்லை.

உடனே முதலாளிக்குப் போன் செய்து உன் கடிதத்தை இந்தியில் சொன்னேன். அவர், "இவ்வளவு பெரிய கதையை யாராவது தூக்கிப் போடுவார்களா?" என்றார். கொட்டாங்குச்சி இருக்கட்டுமாம். டீ வருவதற்கு முன்னால் ஒவ்வொரு மேஜையிலும் நீ இந்தக் கதையைச் சொல்ல வேண்டுமாம். கைத்தறிப் புடவை தருவார்கள். சம்பளமும் ஏறும். யோசித்துப் பார், நாலு பேருக்கு உண்மை தெரியும். எடுத்து எறிந்தால் யாருக்குத் தெரியும்?

அங்கிளையும் ஒரு நாள் கூட்டி வா. கேட் ஓரம் உட்கார்ந்து குடிப்பதை ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கொள்ளலாம். அவருக்குச் சம்மதம் என்றால் மட்டும்தான்.

கோபப்படாதே.

உன் ப்ரீதா

டெல்லி
2 மார்ச் 2025

ப்ரீதா,

அப்பாவிடம் சொன்னேன்.

"சம்பளம் ஏறுதா?"

"ஏறுதுப்பா."

"அப்ப சொல்லு. வீடியோவுக்கு வேற கெழவனப் பாக்கச் சொல்லு."

நேற்றிலிருந்து சொல்கிறேன். முதல் மேஜையில் கரோல் பாக் தமிழ்க் குடும்பம் ஒன்று. அந்த அம்மா "ஐயோ பாவம்" என்றார். பாதியிலேயே, "டீ ஆறிடப் போறதும்மா, ஜல்தி" என்றார். கடைசியில் எல்லாரும் என் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

வேலையை விடப் போவதில்லை. அப்பாவால் இனிமேல் கட்டட வேலைக்குப் போக முடியாது. சங்கம் விஹாரில் நாங்கள் இருக்கும் ஓர் அறைக்கு நான்தான் வாடகை கட்ட வேண்டும்.

ஆனால் அந்தக் கடிதத்தை உனக்குத்தான் எழுதினேன். முதலாளிக்கு எழுதவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து என் வீட்டில் நடந்ததையெல்லாம் உனக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லாதது இன்னும் நிறைய இருக்கிறது. அதில் எதையும் இனி உனக்குச் சொல்லப் போவதில்லை.

வேலை விஷயம் ஏதாவது இருந்தால் ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பு.

மேகலா