அவளுக்கும் ஒரு கிளாஸ்

இன்று ஞாயிற்றுக்கிழமை. நெத்தலிக் கருவாடு வறுபடும் வாசனை வீடு முழுக்கப் பரவியிருக்கிறது. வெளியே, லயத்து வரிசை வீடுகள் மேல் மழை. சன்னலைத் திறந்தால் சாரல் உள்ளே வரும், மூடினால் புகை. நீ இருந்தால் திறந்து வைத்திருப்பாய். "வாசம் லயம் பூரா போகட்டும் டீச்சர், நாம என்ன திருடியா திங்கிறோம்?" என்பாய். நானும் திறந்துதான் வைத்திருக்கிறேன்.

இது எப்படித் தொடங்கியது என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். லிந்துலைக்கு மேலே, அந்தப் பழைய தேயிலைத் தோட்டத் துரை பங்களாவை ஹோட்டலாக்கிய பிறகு, நீ அங்கே குசினியில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாய். ஒருநாள் கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்தவர்களுக்காக ஒரு விருந்து வைத்தார்கள். அந்தக் காலத்துத் துரை ஒருவர் எழுதிய இங்கிலீஷ் நாவலை ஒருவர் வாசிப்பாராம். அதில் வரும் சாப்பாட்டை மேசையில் வைப்பார்களாம். கதைக்குப் பொருத்தமாக ஒரு குடிபானமும் கலந்து கொடுப்பார்களாம். பானம் கலக்கிய கொத்மலைச் சிங்கள அண்ணனிடம் நீ எல்லாவற்றையும் கேட்டுக் கற்றுக்கொண்டு வந்தாய். எது முதலில், எது கடைசியில், இனிப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று. யாரோ மேசையில் விட்டுப்போன அந்த நாவலையும் கேட்டு வாங்கி வந்து என் கையில் கொடுத்தாய்.

"இதுல நம்ம ஆளுங்க இருக்காங்களான்னு பாத்துச் சொல்லுங்க டீச்சர்."

பள்ளிக்கூட விடுமுறையில் முழுவதும் படித்தேன். "ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தன் குதிரையப் புடிக்கிறான். ஒருத்தி தேத்தண்ணி கொண்டு வர்றா. ரெண்டு பேருக்கும் பேரு கெடயாது" என்றேன்.

நீ கோபப்படவில்லை. அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளிவிட்டு, "சரி. அவங்க கதைக்கு அவங்க சமைச்சாங்க. நம்ம கதைக்கு நாம சமைப்போம்" என்றாய்.

நம்மிடம் இருந்த தமிழ் நாவலுக்கு அட்டை கிடையாது, முதல் பக்கங்களும் கிடையாது. யார் எழுதியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நம்மைப் போன்ற ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவளின் கதை. அதில் ஒரு மழை நாளில் அவள் நெத்தலிக் கருவாடு போட்டுக் கத்தரிக்காய்க் குழம்பு வைக்கிறாள். புருசனுக்காகத் தவறணையில் சாராயப் போத்தலும் அவளே போய் வாங்கி வருகிறாள். அவன் குடித்துவிட்டு வந்து சட்டியை எட்டி உதைக்கிறான். தன் குழம்பை அவள் ருசி பார்ப்பதே இல்லை. நான் சத்தமாக வாசித்தபோது நீ ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாய். உன் கை நின்றுவிட்டது.

"அந்தக் கொழம்ப அப்படியே வப்போம் டீச்சர். இன்னைக்கு அந்தச் சட்டி கீழ விழாது."

அப்புறம் நீ பானம் கலக்கினாய். கடும் சாயத் தேத்தண்ணியை ஆறவைத்து, இஞ்சியைத் தட்டிப் பிழிந்து, புளிப்புக்குத் தேசிக்காய்ச் சாறும் இனிப்புக்குக் கித்துள் பாணியும் விட்டாய். கடைசியில், அந்த அண்ணனிடம் சொல்லி வாங்கிய அரைப் போத்தல் சாராயத்தைத் திறந்தாய். நான் சுவரோரமாக ஒதுங்கினேன். அந்த வாசனை எனக்கு அப்பாவின் வாசனை. அது வாசற்படி ஏறினால் அம்மா என்னையும் தம்பியையும் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவாள். உனக்கு அது தெரியும். உன் வீட்டிலும் அதேதான்.

"வாசத்துக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர். அடிச்சது கை" என்றாய். "இந்தக் கதையில இவ போத்தல தூக்கிட்டு வந்தா. இவளுக்கு ஒரு கிளாஸ் யாராச்சும் ஊத்துனாங்களா? நாம ஊத்துவோம்."

மூன்று கிளாஸ் வைத்தாய். ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு, ஒன்று பெயர் தெரியாத அந்த எழுத்தாளர் படைத்த பெண்ணுக்கு. சட்டியை நடுவில் வைத்து, சூடாக, வேறு யாருக்கும் காத்திராமல் சாப்பிட்டோம். கடைசி ரொட்டித் துண்டால் சட்டியை வழித்து எனக்கு ஊட்டிவிட்டாய். அந்தக் கிளாஸில் நான் குடித்தது இரண்டு மிடறுதான். இஞ்சி தொண்டையைச் சுட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. சிரித்தேனா அழுதேனா என்று நீ கேட்கவில்லை.

அந்த மாதத்திலிருந்து நாவலுக்கு நாவல் சமைத்தோம். இரண்டு பெண்கள், அதில் ஒருத்தி பள்ளிக்கூடத்து டீச்சர், மற்றவள் புருசன் கொழும்புக்குப் போய்த் திரும்பாதவள், கதவைத் திறந்து வைத்துக் குடிக்கிறார்கள் என்ற பேச்சு தண்ணி பிடிக்கும் பீலிக்கரையில் ஆரம்பித்து கோயிலுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? கோயில் கமிட்டி கூப்பிட்டுவிட்டது. தொழிற்சங்கத்திலும் கோயிலிலும் தலைவர் ஒருவரே. நல்ல மனிதர்தான், சம்பளப் பிரச்சினைக்கு முன்னால் நிற்கிறவர். ஆனால் அன்று வேறு ஆளாக உட்கார்ந்திருந்தார்.

"குடிச்சீங்களா இல்லியா?"

நான் உன்னைப் பார்த்தேன். நீ அவரைப் பார்த்தாய்.

"குடிச்சோம்ண்ணே. ரொட்டியும் கருவாட்டுக் கொழம்பும் தின்னோம். ஒரு நாவலும் படிச்சோம்."

"தோட்டத்து மானம் போவுது. எல்லார் முன்னுக்கும் ஒரு மன்னிப்புக் கேட்டுருங்க, இத்தோட விட்டுர்றோம்."

"எங்கப்பா சம்பளத்தன்னைக்கு எங்கம்மாவ இதே கோயில் வாசல்ல வச்சு அடிச்சாரு. ரத்தம் இந்தப் படியிலதான் வடிஞ்சுச்சு. அன்னைக்குக் கூட்டம் போட்டீங்களாண்ணே? போட்டிருந்தா சொல்லுங்க, இப்பவே கால்ல விழுறேன்."

பின்வரிசையில் முந்தானையால் வாயை மூடி நின்ற பெண்களில் ஒருத்தி இருமினாள். அது இருமல்தானா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

அந்த வருசத் திருவிழாவில் நம் இருவரையும் ஒதுக்கி வைத்தார்கள். தேர் உன் வாசலில் நிற்காமல் போனது. நீ குளித்து, புதுச்சேலை கட்டி, தட்டில் சூடம் கொளுத்தி, தேர் கடந்து போகும்வரை நின்றாய். நான் உன் பக்கத்தில் அழுதேன். "எதுக்கு அழுவுறீங்க? சாமி நம்மளப் பாத்துட்டுத்தானே போவுது" என்றாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டப்பட்டது. கோயிலில் இருமியவள். கையில் ஒரு ஏனம் நிறைய உருளைக்கிழங்குப் பிரட்டல். "எனக்குச் சாராயம் வேணாம். கதையச் சொல்லுங்க" என்றாள். அவளுக்குச் சாராயம் விடாமல் கலக்கிக் கொடுத்தாய். அடுத்த மாதம் அவள் அக்காவும் வந்தாள். அப்புறம் உன் ஒற்றை அறைக் காம்பராவில் கால்நீட்ட இடமில்லாமல் போனது. பெரும்பாலானவர்கள் இஞ்சித் தேத்தண்ணிதான் குடித்தார்கள். எது ஊற்ற வேண்டும் என்று ஒவ்வொருத்தியும் தானே சொல்ல வேண்டும் என்பது மட்டும் உன் சட்டம்.

போன மார்கழியில் ஹோட்டல் குசினியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். வேனில் ஏற்றி நுவரெலியாவுக்குக் கொண்டுபோனார்கள். நானுஓயாவைத் தாண்டும்போது உன் தலை அந்தக் கொத்மலை அண்ணனின் மடியில் இருந்திருக்கிறது. அவர்தான் எனக்கு போன் எடுத்தார். "நங்கி கியா" என்று சிங்களத்தில் ஒரே வரி; தங்கச்சி போய்விட்டாள்.

கருமாதியன்று உன் தம்பி தலைவாழை இலை விரித்துப் படையல் போட்டான். புதுச்சேலை, பூ, வெற்றிலை, சோறு, கறி. நம் தோட்டத்தில் ஆம்பிளை செத்தால் படையலில் போத்தலும் சுருட்டும் வைப்பார்கள். குடித்தே செத்தவனுக்கும் வைப்பார்கள். பொம்பளைக்கு யாரும் வைத்து நான் பார்த்ததில்லை. நான் வீட்டிலிருந்து கலக்கி எடுத்துப்போன கிளாஸை இலையின் ஓரத்தில் வைத்தேன்.

தலைவருக்கு வாசனை பிடிபட்டுவிட்டது. "என்ன டீச்சர் இது? பொம்பளைக்குச் சாராயம் படைக்கிறதா? எடுங்க அத."

நான் கிளாஸைப் பார்த்தபடி நின்றேன். நீ இல்லாமல் நான் அவர் முன்னால் நின்ற முதல் தடவை. "எடுக்க மாட்டேங்க. இது அவ சொல்லித் தந்த கணக்குல கலக்குனது. அவளுக்குத்தான்" என்றேன்.

அவர் உன் தம்பியைப் பார்த்தார். அவன் குனிந்து, ஓரத்தில் இருந்த கிளாஸை எடுத்து, இலைக்கு நடுவே, சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தான். "அக்காவுக்குப் புடிச்சத வைக்கிறதுதானே படையல்" என்றான். இருமியவள் முன்னால் வந்து, தான் கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பை ஒரு கரண்டி எடுத்துச் சோற்றில் ஊற்றினாள். தலைவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். சூடம் காட்டினோம்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்குப் புகார் போயிருக்கிறது. போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட அதிபர் கூப்பிட்டார். அவரும் கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகத்தான் பேசினார்.

"இனிமே செய்ய மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர். நான் மேல பேசி முடிச்சிர்றேன். இல்லாட்டி வேற பள்ளிக்கூடத்துக்கு மாத்தம் வரும்."

"சார், நான் ஒரு நாளும் குடிச்சிட்டுப் பள்ளிக்கூடம் வந்ததில்ல. ஞாயித்துக்கெழம எங்க வீட்டுல நாங்க சமைக்கிறோம், சாப்புடுறோம், படிக்கிறோம். விருப்பமானவங்க ஒரு கிளாஸ் குடிக்கிறோம். அந்த வார்த்தைய என்னால சொல்ல ஏலாது."

"அப்ப நான் என்னன்னு பதில் எழுதுறது?"

"செய்றாங்கன்னு எழுதுங்க சார்."

எழுந்து வந்துவிட்டேன். வராந்தாவில் நடக்கும்போதுதான் கவனித்தேன், இந்தத் தடவை அதிபர் முகத்தைப் பார்த்தே பேசியிருக்கிறேன். கேட்டவருக்கு உள்ளதைச் சொல்லிவிட்டுத் தலை குனியாமல் நிற்கிற அந்தப் பழக்கம் உன்னுடையது. எப்போது என்னிடம் வந்து சேர்ந்தது என்று தெரியவில்லை. இனி அதை நான் யாருக்கும் திருப்பிக் கொடுப்பதாக இல்லை.

மாற்றம் வந்தால் பூண்டுலோயாப் பக்கம்தான் போடுவார்கள் என்று ஆபீசில் பேசிக்கொள்கிறார்கள். போடட்டும். இங்கே நம் ஞாயிற்றுக்கிழமையை நடத்த இருமியவள் இருக்கிறாள். அங்கேயும் லயங்கள் இருக்கின்றன. அந்த லயங்களில், தான் வைத்த குழம்பைத் தான் ருசி பார்க்காத பெண்கள் இருக்கிறார்கள்.