தரையைப் பார்த்தபடி ஒரு குகைப் பயணம்

மார்ச் 4, செவ்வாய்

இடது கண்ணின் ஓரத்தில் இன்றும் அந்த நிழல். பல் செய்யும் பட்டறையில் ஒரு முன்பல்லை நிற மாதிரிகள் கொண்ட பட்டையோடு வைத்து ஒப்பிட்டேன். பல்லில் பாதியைக் காணோம். கண்ணாடியைத் துடைத்தேன், விளக்கைத் துடைத்தேன். “இன்னும் முடியலையா?” என்றார் முதலாளி. “இதோ” என்று சொல்லிவிட்டு வலது கண்ணால் மட்டும் பார்த்து முடித்தேன். தூக்கம் போதவில்லை போலிருக்கிறது. அவ்வளவுதான். அவ்வளவுதானா?

மார்ச் 5, புதன்

அவ்வளவுதான் இல்லை.

விழித்திரை விலகியிருக்கிறதாம். “சுவத்துல ஒட்டின காகிதம் ஈரம் பட்டு உரிஞ்சு வருது பாருங்க, அந்த மாதிரி” என்றார் டாக்டர். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். கண்ணுக்குள் வாயுவை அடைத்து விழித்திரையை மறுபடி அழுத்தி ஒட்டவைப்பார்கள். அந்த வாயு இடம் மாறாமல் இருக்க, அதன்பின் ஒரு வாரம் குப்புறவே கிடக்க வேண்டும்.

“நான் பல் செய்யுறவன், டாக்டர். நிறம் பாக்குறதுதான் என் பிழைப்பு.”

“முதல்ல கண்ணைக் காப்பாத்துவோம். மத்ததை அப்புறம் பேசலாம்.”

மற்றது எது? அப்புறம் எப்போது? அக்காவுக்குப் போன் செய்தேன். “நாளைக்குச் சாயங்காலம் அங்க இருப்பேன். சும்மா மோட்டுவளையைப் பாத்துட்டு உக்காந்திருக்காதே” என்றாள். குப்புறக் கிடக்கப் போகிறவனுக்கு மோட்டுவளை எங்கிருந்து தெரியும்?

மார்ச் 6, வியாழன்

பரண் மேலிருந்த பெட்டியை இறக்கினேன். கண் பார்வை இருக்கும்போதே எதையாவது பார்த்துவிட வேண்டும் என்று காலையிலிருந்து ஒரு பரபரப்பு. எதை என்று யோசித்தபோது இவைதான் நினைவுக்கு வந்தன: கதையாட்ட இதழ்கள்.

கல்லூரி நாட்களில் நாங்கள் நாலு பேர் காசு போட்டுத் தபாலில் வரவழைத்தவை. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் வீரன், திருடன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேஷம். ‘நீ என்ன செய்கிறாய்?’ என்று கதைசொல்லி கேட்பான். சொன்னது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும்; பெரிய எண் விழுந்தால் பலிக்கும். கதை நடத்துவது எப்போதும் நான்தான்.

அட்டை ஒன்றில் டிராகன். அந்தக் காலத்தில் அதைப் பார்த்து மிரண்டிருக்கிறேன். இன்று பார்த்தால் மேல் கோரைப்பல்லும் கீழ் கோரைப்பல்லும் நேருக்கு நேர் இடிக்கின்றன. இந்தத் தாடையை வைத்துக்கொண்டு அது ஒரு வாழைப்பழத்தைக்கூடத் தின்றிருக்க முடியாது. வாசகர் கடிதங்களில், மந்திரவாதி இரும்புக் கவசம் போடலாமா கூடாதா என்று மாதக்கணக்கில் சண்டை. எழுதியவர்கள் இப்போது தாத்தாக்களாக இருப்பார்கள். ஒரு இதழில் நான் வரைந்த நிலத்தடி ஏரியின் வரைபடம் வந்திருக்கிறது, என் பெயரில் பாதியை விழுங்கிவிட்டு. அன்று அதற்காக இரண்டு நாள் சாப்பிடவில்லை. இன்று கோடுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு மெல்லிய கோடு. கை நடுங்கவே இல்லை.

நிழல் மூக்குப் பக்கம் வந்துவிட்டது.

மார்ச் 7, வெள்ளி

கிளம்புகிறோம். அக்கா பையோடு வாசலில் நிற்கிறாள்.

மார்ச் 9, ஞாயிறு

கட்டிலின் விளிம்புக்கு வெளியே தலையை நீட்டி, தரையில் நோட்டை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கிறது. கழுத்து என்னுடையது என்றே தோன்றவில்லை. இடது கண்ணில் வெறும் சாம்பல் நிறம்.

ஆஸ்பத்திரி நடையில் டாக்டர் அக்காவிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். எனக்குத் தெரிந்தது இருவரின் செருப்புகள்தான். அக்காவின் கால் கொஞ்ச நேரம் அசையவே இல்லை. வீட்டுக்கு வந்து கேட்டேன்.

“ஒண்ணுமில்லடா. மருந்து ஊத்துறதைப் பத்தி.”

மருந்து ஊற்றுவதைப் பற்றிப் பேசவா அவ்வளவு நேரம்?

மார்ச் 10, திங்கள்

படிப்பதற்குத் தடை. ரேடியோ சலித்துவிட்டது. அக்காவுக்கும் பொழுது போகவில்லை, பெட்டியைக் கிளறியவள், “இந்தப் பேய்ப் புத்தகமெல்லாம் இன்னுமா வெச்சிருக்க?” என்றாள். அதில் ஒரு கதையை நடத்தச் சொன்னேன். பாழடைந்த சுரங்கம், காணாமல் போன தொழிலாளர்கள் — தொடங்குகிறவர்களுக்கான எளிய கதை. பெரிய மனசு பண்ணி ஒத்துக்கொண்டாள்.

அவளைப் போல மோசமான கதைசொல்லியை நான் பார்த்ததில்லை.

“ஒரு கதவு இருக்கு. உள்ள ரெண்டு பூதம் ஒளிஞ்சிருக்கு.”

“அக்கா, ஒளிஞ்சிருக்கிறதைச் சொல்லக் கூடாது.”

“பின்ன தெரியாம உள்ள போய் அடி வாங்குவியா? பேசாம அந்தப் பக்கமா சுத்திப் போ.”

சிரித்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது.

மார்ச் 11, செவ்வாய்

சுரங்கத்தில் இரண்டாம் தளம். நான் எதைச் செய்தாலும் பலிக்கிறது. மேஜை மேல் பகடை உருளும் சத்தம் கேட்கும். அக்கா எண்ணைச் சொல்வாள். பதினேழு. பத்தொன்பது. பதினெட்டு. இப்படியும் ஒருவனுக்கு அதிர்ஷ்டம் அடிக்குமா?

மத்தியானம் முதலாளி போன் செய்தார். “அவசரமில்ல, நல்லா ஆனப்புறம் வா.” அவசரமில்லை என்றால்? என் மேஜையில் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டாரா? கேட்கவில்லை. வலது கண்ணிலும் பூச்சி பறப்பது போலிருக்கிறது. நிஜமா, பயமா — பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மார்ச் 12, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூன்றாம் தளத்தில் ஒரு பிளவு. அதைத் தாண்டிக் குதிக்க வேண்டும். பகடை உருண்டது. “பதினெட்டு” என்றாள் அக்கா. பகடை நிற்பதற்குள் சொல்லிவிட்டாள். இன்னும் உருளும் சத்தம் என் காதில் இருந்தது.

“அக்கா. பகடையைக் கீழ உருட்டு. என் மூஞ்சிக்கு நேரா.”

“எதுக்கு? நான்தான் பாத்துச் சொல்றேனே.”

“நான் பாக்கணும். வலது கண் தெரியுது இல்ல?”

தரையில் உருட்டினாள். மூன்று.

என் ஆள் பிளவுக்குள் விழுந்துவிட்டான். அக்கா பக்கத்தைப் புரட்டிப் புரட்டி, விழுந்தவனைக் காப்பாற்ற ஏதாவது விதி இருக்கிறதா என்று தேடினாள்.

“விடு அக்கா. டாக்டர் என்ன சொன்னாரு? அதையும் இங்கயே உருட்டு.”

அவள் தரையில் உட்கார்ந்தாள். குனிந்து, கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்து, என் முகத்துக்கு எதிரே வந்தாள். இத்தனை நாளில் அவள் முகத்தை இன்றுதான் முழுசாகப் பார்த்தேன். சரியாகத் தூங்கியிருக்கவில்லை.

“நடுப்பகுதியும் உரிஞ்சிருந்துச்சாம்டா. ஒட்டிக்கும், ஆனா பழைய மாதிரி வராதுன்னாரு. கோடு வளைஞ்சு தெரியும், நிறம் மங்கும். வலது கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதாம், அதைச் சொல்லச் சொன்னாரு. நான்தான்… எழுந்து உக்கார்ற வரைக்கும் சொல்ல வேணாம்னு—”

“சரி.”

“கோவமா?”

கோபம் இல்லை. வாயில் மண் விழுந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அன்று நடையில் பார்த்த செருப்புகளை வைத்துக்கொண்டு நான் எத்தனை விதமாகப் பயந்தேன் — இரண்டு கண்ணும் போய்விடும் என்பது வரை போயிருந்தேன். அதற்கு இது குறைவு.

கொஞ்ச நேரம் அழுதேன். குப்புறப் படுத்து அழுதால் கண்ணீர் நேராகத் தரைக்குப் போகிறது. அக்கா துடைத்துக்கொண்டே இருந்தாள், தரையை.

மார்ச் 14, வெள்ளி

உட்காரலாம் என்றார் டாக்டர். இடது கண்ணுக்குள் வாயுவின் விளிம்பு, பாதி நிரம்பிய டம்ளரில் தண்ணீர் தளும்புவது போல ஆடுகிறது. அக்கா ஊருக்குக் கிளம்பினாள். மாமாவுக்குப் படித்துக்காட்ட வேண்டும் என்று இரண்டு இதழ்களைப் பையில் திணித்துக்கொண்டாள். கேட்கக்கூட இல்லை.

ஏப்ரல் 21, திங்கள்

வாயு கரைந்துவிட்டது. டாக்டர் சொன்னபடியேதான். இடது கண்ணால் மட்டும் பார்த்தால் கதவு நிலை இடுப்பில் ஒடுங்குகிறது. வெள்ளை பழுப்பாகத் தெரிகிறது.

முதலாளி எதிரே உட்கார்ந்து நானே சொன்னேன். போகும் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனதுதான், அங்கே ஒரு வார்த்தையும் வரிசையில் வரவில்லை. “நிறம் பாக்குற வேலையை என்கிட்ட இனிமே குடுக்காதீங்க. மெழுகு வடிவம் பண்றேன். அதுக்குக் கை போதும், ஒரு கண் போதும்.”

அவர் பேனாவை மூடித் திறந்தார். “நீயே வந்து சொல்லிட்ட. நான் எப்படிக் கேக்குறதுன்னு தெரியாம இருந்தேன்” என்றார். ஜன்னலோர மேஜையிலிருந்து உள்ளறைக்கு மாற்றம். சாமான்களைத் தூக்கிப் போகும்போது யாரையும் பார்க்கவில்லை.

மே 8, வியாழன்

மெழுகில் ஒரு கடைவாய்ப்பல். மூன்று முறை உருக்கி ஊற்றினேன். தூரம் பிடிபடவில்லை, கத்தி பல்லைத் தொடும் முன்னே தொட்டுவிட்டதாக நினைக்கிறேன். முடியுமா என்னால்?

மே 27, செவ்வாய்

இன்று ஒரே முறையில் வந்தது.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் அக்காவிடமிருந்து போன். அவள் வீட்டில் இப்போது சனிக்கிழமைதோறும் ஆட்டமாம். மாமா, எதிர்வீட்டுத் தையல்காரர், மாடியில் குடியிருக்கும் நர்ஸ்.

“உங்க மாமா நேத்து செத்துட்டாரு.”

தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் புரிந்தது.

“ஓநாய் கடிச்சிருச்சுடா. வேணாம் வேணாம்னு சொல்லியும் தனியாப் போனாரு. இப்ப மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு மொட்டைமாடியில உக்காந்திருக்காரு, டிபன் சாப்பிட வரல. உயிரோட எழுப்பிரவா?”

“எழுப்பாதே. செத்தவனுக்கு ஒரு தம்பி இருந்தான்னு சொல்லு. அண்ணனைத் தேடிக்கிட்டு வரான். மாமா அவனா ஆடட்டும்.”

அந்தப் பக்கம் எழுதிக்கொள்ளும் சத்தம்.

“தம்பி என்ன வேலை பாக்குறான்? மனுஷன் நூறு கேள்வி கேப்பாரு.”

“பல் செய்யுறான்,” என்றேன்.