பன்னிரண்டடிக்குப் பத்தடி

கொழும்பு, ஞாயிறு

அன்புள்ள நாகலெட்சுமிக்கு,

எழுத்துகள் மேடும் பள்ளமுமாகக் கிடப்பதற்குக் கோபிக்காதே. இதுவரை மற்றவர்கள் எனக்காக எழுதியதைத்தான் படித்தாய். இது என் கையே எழுதியது. உன் பெயரை எழுதி முடித்ததும் தனியாகச் சிரித்தேன். முழங்கால் வலி எப்படி? கந்தப்பளையில் மழை விட்டதா?

நான் காவல் பார்க்கும் அலுவலகத்தில், கட்டடப் படம் வரையும் மென்பொருளுக்கு வருடக் கட்டணம் கட்ட முடியாமல் முதலாளி நிறுத்திவிட்டார். படம் வரையும் பிள்ளை ரிஸ்னா, இலவசமாகக் கிடைக்கும் ஒன்றைக் கணினியில் ஏற்றினாள். பழகிப் பார்க்க நமக்கு ஒரு வீடு வரைந்து தருவதாகச் சொன்னாள்.

“நீளம் அகலம் சொல்லுங்க, ஐயா.”

“பன்னிரண்டடிக்குப் பத்தடி, புள்ள.”

“அது ஒரு ரூம். வீட்டைச் சொல்லுங்க.”

“அதுதாம்மா எங்க லயத்து வீடு. தேயிலைத் தோட்டத்துல வரிசையா கட்டின ஒத்த அறை.”

போட்ட கோட்டை அழித்தாள். “இதுல கோடு இழுக்கக் காசு இல்ல. பெருசா கேளுங்க” என்றாள். அடுப்புக்கு மேலே ஒரு ஜன்னல் கேட்டேன். வேறெதுவும் கேட்கத் தெரியவில்லை. மூன்று அறைகளை அவளே போட்டாள்.

வீடு கட்டக் காணி கொடுக்கும் பட்டியலில் இந்த முறையும் நம் பெயர் இல்லை என்று தோட்டத் தலைவர் போனில் சொன்னார். இனி வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. படத்தை இதோடு வைத்திருக்கிறேன். சுவரில் ஒட்டாதே, ஈரம் பிடிக்கும். தகரப் பெட்டியில் வை.

கொஞ்சம் தேயிலைத்தூள் அனுப்பு. இங்கே தனியாகக் குடிக்கும் தேத்தண்ணீர் ருசிக்கவில்லை. அடுப்பு எந்தப் பக்கம் வேண்டும் என்றும் எழுது, ரிஸ்னா மாற்றித் தருவாள். அடுத்த கிழமை பதிலையும் நானே எழுதுவேன்.

அழகன்