அங்கப்பனின் ரத்தம், என் பெயர்

9.6.97, திங்கள்
ராமாமணி டாக்டரிடமிருந்து கடிதம். கல்லூரியில் ஐந்து வருஷத்துக்கு முன் எங்கள் எடை, பிரஷர், ரத்தம் எல்லாம் பார்த்தவர். வயது ஏற ஏற வாலிபர்களின் இதயம் என்ன ஆகிறது என்று ஆராய்ச்சியாம். ஞாயிற்றுக்கிழமை வெறும் வயிற்றோடு மறுபடி அவர் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டுமாம்.

அன்று நான் ஐம்பத்து நாலு கிலோ. ஓட்டத்தில் முதல் ஆள். "எல்லாரும் இந்த அருள்குமாராட்ட இருக்கோணும்" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார்.

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு மெஷினில் ஏறினேன். எண்பத்தொன்று! சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

எப்போது ஆனது இது? ஓட்டம் நின்றது. மோட்டார் கம்பெனி விற்பனை வேலை, பைக், பேக்கரியில் தினம் டீயும் பப்ஸும், டீலர் கடைகளில் காத்திருந்து பழகிய சிகரெட். இப்போது நாளைக்குப் பதினாலு. ஒரே நாளில் வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

14.6, சனி
அங்கப்பனிடம் கேட்டேவிட்டேன். என்னோடு வேலை பார்ப்பவன், என் வயது, முருங்கைக்காய் உடம்பு. என் பெயரில் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வா என்றேன். அங்கே பார்ப்பது புது ஆட்கள், முகம் தெரியாது.

சிரித்தான். "தொப்பையப் பாத்து டாக்டரம்மா அடிச்சுப்போடும்னு பயமாப்பா? உடு, நான் போயிட்டு வாரேன். ஒல்லியா இருக்கறவனுக்கு என்ன நோவு?"

எனக்கும் அதே நினைப்புதான்.

2.7, புதன்
முடிவு வந்துவிட்டது. பிரஷர் 170/110. கொழுப்பு 298. உடனே வரவும். அடியில் டாக்டரின் கையெழுத்தில்: "ஓடிக்கொண்டிருந்த பையன் நீ. இப்படி ஆகலாமா?"

முதலில் என்ன தோன்றியது தெரியுமா? நல்லவேளை, என்னுடையது இல்லை என்று. சீ.

3.7
சொன்னால் அவனை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். கூட்டிப்போனால் என் வண்டவாளம் வெளியே வரும். மெஷின் தப்பாகக் காட்டியிருக்கும். அவனாவது, பிரஷராவது.

11.7
இன்றும் சொல்லவில்லை.

19.7, சனி
டீலர் கடை மாடிப்படியில் பாதியில் நின்றுவிட்டான். நெஞ்சைத் தேய்த்தான். "காலைல தின்ன போண்டா கரிக்குதப்பா." நான் சொன்னேன் — நான்! — "ஆமா, கேஸ்தான், சோடா குடி."

தெரிஞ்சுக்கிட்டே சொன்னேன். மனுசனா நானு?

20.7, ஞாயிறு
சூலூரில் அவன் வீட்டுக்குப் போய்க் கடிதத்தை நீட்டினேன். எல்லாம் சொன்னேன். அவன் மனைவி மயிலாத்தாளுக்கு ஏழாம் மாதம். தேதியைப் பார்த்தாள்.

"பதினெட்டு நாளா வெச்சிருந்தீங்களாண்ணா?"

அங்கப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எங்கப்பன் நாப்பது வயசுல சோளக்காட்டுல உழுந்து போய்ச் சேந்தாரு. வெயிலுன்னு சொல்லிப்போட்டாங்க."

21.7, திங்கள்
ராமாமணி டாக்டர் என் பெயரை அடித்து அவன் பெயரை எழுதினார். அங்கேயே அட்மிட். சின்னதாக ஒரு அட்டாக் ஏற்கெனவே வந்து போயிருக்கிறதாம். எப்போது என்று நான் கேட்கவில்லை. அந்தப் படிக்கட்டு தெரியும் எனக்கு.

பிறகு என்னைப் பார்த்து, "கையை நீட்டு" என்றார். 150/96. திட்டவே இல்லை. நாலு அறை விட்டிருக்கலாம்.

9.11, ஞாயிறு
அங்கப்பன் மாத்திரையோடு வேலைக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. காலையில் இருவரும் ரேஸ்கோர்ஸில் நடக்கிறோம். எனக்கு ஆறு கிலோ குறைந்திருக்கிறது. சிகரெட் நாலில் நிற்கிறது. அவன் கோபப்படவே இல்லை; அதுதான் தாங்க முடியவில்லை.

இன்று பாப்பாவைப் பார்க்கப் போனேன். "மாமன் கையில குடு அம்மணி" என்றான். நான் கையை நீட்டினேன். மயிலாத்தாள் எழுந்துவிட்டாள்.

"பசிக்குதாட்டிருக்குதுங்க, அழுகுது" என்று உள்ளே தூக்கிப் போனாள்.

பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது.